மேல்தாடையில் எலும்பு வைத்து இம்ப்ளாண்ட்: மலையில் குடியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மேல் கடைவாயில் இம்ப்ளாண்ட் (பல் போன இடத்தில் எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தால், பலருக்கும் கிடைக்கும் முதல் பதில் “எலும்பு போதாது, எலும்பு வைத்துத்தான் செய்யவேண்டும்” என்பது. அதன்பிறகு எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று உயரத்தில் குடியிருப்பவர்களுக்கு, சமவெளியில் கொடுக்கும் குறிப்புத்தாள் மட்டும் போதாது. மலைப்பாதையும் குளிரும் இந்தச் சிகிச்சையில் நேராகக் குறுக்கிடுகின்றன. அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதியிருக்கிறோம்.

என் தம்பிக்குக் கீழ்த்தாடையில் நேராக இம்ப்ளாண்ட் வைத்துவிட்டார்கள். எனக்கு மேலே மட்டும் ஏன் எலும்பு வைக்கவேண்டும்?

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, கன்னத்துக்கு உள்பக்கம், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் சைனஸ். பெரியவர்களுக்கு ஒரு பக்கத்து அறை ஏறக்குறைய 12 முதல் 15 மி.லி. கொள்ளும். பல் இருக்கும்வரை, மெல்லும் விசை அந்த இடத்து எலும்பைத் தக்கவைத்திருக்கும். பல் போனதும் எலும்பு இரண்டு பக்கமும் தேய ஆரம்பிக்கிறது: கீழே ஈற்று மேடு கரைகிறது, மேலே சைனஸின் தரை இறங்கி வருகிறது. பல் எடுத்துப் பல வருடம் கழித்து வருபவருக்கு 3 அல்லது 4 மி.மீ. எலும்பு மட்டுமே மிஞ்சியிருப்பது சாதாரணம்.

இன்னொன்று, எலும்பின் தன்மை. கீழ்த்தாடை எலும்பைத் தேக்கு என்று வைத்துக்கொண்டால், மேல் கடைவாய் எலும்பு முருங்கைக் கட்டை. திருகு ஏறும், ஆனால் பிடிமானம் குறைவு. அதனால் மேலே உயரமும் வேண்டும், காத்திருப்பும் வேண்டும்.

எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் என்ன வழி?

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் இல்லாமல் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் சாதாரண ஓ.பி.ஜி. எக்ஸ்ரே படத்தில் உயரம் பெருக்கித் தெரியும், அகலம் தெரியவே தெரியாது.

ஈற்று மேட்டிலிருந்து சைனஸ் தரைவரை 8 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு வைக்கத் தேவையில்லை. 5 முதல் 8 மி.மீ. இருந்தால், இம்ப்ளாண்ட் போடும் துளை வழியாகவே சைனஸ் தரையை 2 முதல் 4 மி.மீ. மேலே தூக்கி, அந்த இடைவெளியில் எலும்புக் குருணை வைக்கலாம். 1994-இல் சம்மர்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பரவலாக்கிய முறை இது. 5 மி.மீ.க்குக் கீழே என்றால், கன்னத்துப் பக்கம் எலும்பில் சன்னல் திறந்து தூக்குவதே நம்பகமானது. இந்த முறையை பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980-இல் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

இந்தக் கோடுகள் கல்லில் செதுக்கியவை அல்ல. ஆனால் 4 மி.மீ. மட்டும் வைத்துக்கொண்டு “சின்னத் துளையிலேயே முடித்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். துளை வழி முறையைப் பற்றி 1999-இல் வந்த ஓர் ஆய்வில், 5 மி.மீ.யும் அதற்கு மேலும் எலும்பு இருந்தவர்களிடம் 96 சதவீத இம்ப்ளாண்ட்கள் நின்றன, 4 மி.மீ.யும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடம் அது 85.7 சதவீதமாக இறங்கியது. கைவசம் இருக்கும் சொந்த எலும்புதான் முதல் பிடிமானம். வைக்கும் குருணை அன்றைக்கே எதையும் தாங்காது.

“98 சதவீதம் வெற்றி” என்கிறார்களே, நம்பலாமா?

எதன் வெற்றி, எத்தனை வருடத்துக்கு, எந்த வகை இம்ப்ளாண்டுக்கு என்று கேட்டுவிட்டு நம்பலாம். சன்னல் முறையைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2008-இல் வந்த மதிப்பீட்டில், 3 வருட முடிவில் எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 90 சதவீதம் இம்ப்ளாண்ட்கள் வாயில் இருந்தன. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றை மட்டும் எடுத்தால் சுமார் 98. இன்று விற்கும் இம்ப்ளாண்ட்கள் ஏறக்குறைய எல்லாமே சொரசொரப்பானவை. ஆகவே 98 என்பது பொய் அல்ல.

ஆனால் அது “வாயில் இருக்கிறது” என்ற கணக்கு. சுற்றிலும் எலும்பு இறங்கி, ஈறு வீங்கி, எப்படியோ நிற்கும் இம்ப்ளாண்டும் அந்த 98-இல் சேரும். நீங்கள் கேட்கவேண்டியது மூன்று: வைத்த எலும்பு பிடித்ததா, இம்ப்ளாண்ட் ஆடாமல் நிற்கிறதா, சைனஸ் பழையபடி சுத்தமாக இருக்கிறதா. சைனஸ் தூக்கி வைக்கும் இம்ப்ளாண்ட் தோற்றால், பெரும்பாலும் பல் மாட்டுவதற்கு முன்போ முதல் வருடத்திலோ தோற்றுவிடும். அந்த வருடத்தைத் தாண்டிவிட்டால் மற்ற இடத்து இம்ப்ளாண்ட் போலத்தான், பராமரிப்பைப் பொறுத்தது.

வைக்கும் எலும்பு மாட்டெலும்பா?

இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, சங்கடப்படாதீர்கள். உலகம் முழுக்க அதிகம் பயன்படும் குருணை, மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருள் முழுவதையும் நீக்கிவிட்டுத் தாதுவை மட்டும் எடுத்தது. மேலே மூடும் கொலாஜன் சவ்வு பல சமயம் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருகிறது. மத நம்பிக்கையாலோ சைவ உணவுப் பழக்கத்தாலோ வேண்டாம் என்றால், அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேசையில் படுத்தபின் மாற்றுவது கடினம்.

மாற்று இருக்கிறது. டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்சிஅபடைட் போன்றவை முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்யும் குருணைகள். உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப். சவ்வை மூடியாகப் பயன்படுத்தலாம். உங்கள் தாடைப் பின்பகுதியிலிருந்து சுரண்டி எடுக்கும் சொந்த எலும்பும் உண்டு; வேகமாகப் பிடிக்கும், ஆனால் வேகமாகக் கரையவும் செய்யும். மாட்டெலும்புக் குருணை மெதுவாகவே கரையும் என்பதால் உயரம் தங்கும். சைனஸுக்குள் எந்தக் குருணை என்பதைவிட, வைக்கும் கையும் வைத்தபின் காக்கும் பழக்கமும் பெரிது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சன்னல் போடும்போது என்னதான் நடக்கிறது?

மரப்பு ஊசியிலேயே செய்யலாம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ஈற்றைத் திறந்து, கன்னத்துப் பக்க எலும்பில், சைனஸ் தரைக்கு 2 அல்லது 3 மி.மீ. மேலே, கட்டைவிரல் நகத்தளவு சன்னல் வரைவார்கள். வைரப் பொடி பூசிய பர் என்ற உருண்டைத் துளைமுனை கொண்டோ, மென்திசுவை வெட்டாமல் எலும்பை மட்டும் அறுக்கும் பீசோ கருவி கொண்டோ மெல்லத் தேய்ப்பார்கள். வெள்ளையாக இருந்த எலும்பு மெலிந்து மெலிந்து, ஒரு கட்டத்தில் சாம்பல் கலந்த நீலம் தெரியும். அதுதான் சைனஸின் சவ்வு. பலருக்கு 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது, முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூச்சு விடும்போது அது மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரியும். அப்படி அசைந்தால் அது முழுசாக இருக்கிறது என்று தைரியம் வரும்.

பிறகு வளைந்த கருவியை எலும்பிலிருந்து எடுக்காமல், தரை, முன்சுவர், மூக்குப் பக்கச் சுவர் என்று வரிசையாகச் சவ்வைப் பிரித்து மேலே தூக்குவார்கள். கீழே உண்டான இடத்தில் ரத்தத்திலோ சலைனிலோ நனைத்த குருணையை வைப்பார்கள். ஒரு பல் இடத்துக்கு 1 முதல் 2 மி.லி. வரை பிடிக்கும். அழுத்தித் திணிக்கக்கூடாது, குருணைக்கு இடையில் ரத்தக்குழாய் நுழைய வழி வேண்டும். சன்னலைக் கொலாஜன் அல்லது பி.ஆர்.எஃப். சவ்வால் மூடி ஈற்றைத் தைப்பார்கள். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள்.

அந்தப் பக்கச் சுவருக்குள் ஒரு சிறு தமனி ஓடுகிறது. ஸ்கேனில் அதைப் பார்த்து, சன்னலை அதற்குக் கீழே நிறுத்துவது நல்ல திட்டமிடல்.

சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். எல்லாம் போச்சா?

இல்லை. இந்த அறுவையில் மிக அதிகமாக நேரும் சிக்கல் இதுதான். மேலே சொன்ன 2008 மதிப்பீட்டில் ஐந்தில் ஒன்றுக்கு இது நேர்ந்திருந்தது. சைனஸுக்குள் எலும்புத் தடுப்பு இருப்பவர்களுக்கும், சவ்வு மிக மெலிந்தவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் அதிகம். கிழிசல் 5 மி.மீ.க்குள் என்றால் சவ்வின் மடிப்பே மூடிக்கொள்ளும், அல்லது கொலாஜன் ஒட்டு வைப்பார்கள். 10 மி.மீ. வரை பெரிய ஒட்டோ தையலோ வேண்டும். அதற்கு மேல் கிழிந்தால், குருணை வைக்காமல் மூடிவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி செய்வதே நேர்மையான முடிவு. “இன்றைக்கு நிறுத்திக்கொள்வோம்” என்று சொல்லும் மருத்துவரை நம்புங்கள். கிழிசலோடு குருணையைத் திணித்தால் அது சைனஸுக்குள் சிதறி, மேலே இருக்கும் வடிகால் துளையை அடைத்து, சீழ் பிடிக்கும்.

கோயம்புத்தூரில் செய்துகொண்டு அன்றைக்கே ஊட்டிக்கு ஏறலாமா?

வேண்டாம். காரணத்தைச் சொல்கிறோம்.

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விமானத்துக்குள் வைத்திருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமானது. “சைனஸ் தூக்கியபின் இரண்டு வாரம் விமானம் வேண்டாம்” என்று எல்லாரும் சொல்வார்கள். ஊட்டி மலைப்பாதை அதே அழுத்த மாற்றம்தான். வேகம் மட்டும் குறைவு.

சைனஸின் வடிகால் துளை திறந்திருந்தால், ஏறினாலும் இறங்கினாலும் காற்று சமமாகிவிடும். அறுவை முடிந்த முதல் நாட்களில் வீக்கமும் ரத்தமும் அந்தத் துளையைச் சுருக்கியிருக்கும். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, சவ்வையும் அதன் கீழே இருக்கும் குருணையையும் அழுத்தும். இறங்கும்போது உள்ளே வெற்றிடம் போல உண்டாகி, கன்னம் இழுத்து வலிக்கும், ரத்தம் கசியும். ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம் தொல்லை தருவது.

ஆகவே சன்னல் முறை என்றால் கீழேயே குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பிறகு மெதுவாக ஏறுங்கள். பர்லியாரில் ஒரு முறை, குன்னூரில் ஒரு முறை நிறுத்தி அரைமணி இருங்கள். ஏறியபின் தையல் பிரிக்கும்வரை இறங்க வேண்டாம். தையலை மலையிலேயே ஒரு பல் மருத்துவர் பிரிக்க ஏற்பாடு செய்துகொண்டால் ஒரு பயணம் மிச்சம். துளை வழி முறை என்றால் ஒரு வாரம் இந்தக் கவனம் போதும். சவ்வு கிழிந்து ஒட்டியிருந்தால் மூன்று வாரம். கூடலூர்க்காரர்கள் நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறி இறங்குவதும் இதே கணக்கில் சேரும். கூடலூர் ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வு.

இதில் ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் விட்டாகவேண்டும். மலையில் காது அடைத்தால் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு “ம்ப்” என்று ஊதுவோம். சவ்வைச் சோதிக்கவேண்டும் என்றால் மருத்துவர் செய்யச் சொல்வதும் அதைத்தான். அவ்வளவு அழுத்தம் அது கொடுக்கும். புதிதாகத் தூக்கிய சவ்வு அந்த ஒரு ஊதலில் கிழியலாம். அதற்குப் பதிலாக எச்சில் விழுங்குங்கள், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவராக இருந்தால், முன்கூட்டியே சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலோ காரிலோ முன்சீட்டில் உட்காருங்கள்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் என்ன செய்யவேண்டும், என்ன கூடாது?

மூக்கைச் சிந்தக்கூடாது, ஒழுகினால் துடையுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வேண்டாம். பலூன் ஊதக்கூடாது, விறகடுப்பில் ஊதுகுழல் பிடிக்கக்கூடாது. கோத்தகிரிப் பக்கம் கொள் என்ற ஊதுகருவி வாசிக்கும் கோத்தர் பழங்குடிக் கலைஞர்களிடம் நாங்கள் தனியாகச் சொல்வது: வாசிப்பு குறைந்தது ஒரு மாதம் வேண்டாம்.

நீலகிரித் தைலம் பற்றி. சளி பிடித்தால் கொதிக்கும் தண்ணீரில் தைலம் விட்டு ஆவி பிடிப்பது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. முதல் வாரம் வேண்டாம். சூடு ரத்தக்கசிவைத் தூண்டும், மரத்த கன்னம் வெந்தாலும் தெரியாது. தைலத்தை மூக்கில் விடவே கூடாது. எழுதிக்கொடுத்த சலைன் சொட்டு போதும். அதேபோல, குளிருக்கு வீங்கிய கன்னத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். முதல் நாள் ஐஸ் ஒத்தடம்தான்: 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுப்பது. டிசம்பர் உறைபனியில் இது கொடுமையாகத்தான் இருக்கும்; ஆனால் வீக்கம் குறையும்.

சூடான தேநீர் முதல் நாள் கிடையாது, ஆறவைத்துக் குடிக்கலாம். கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, மறுபக்கம் மெல்லவேண்டும். பாரம் தூக்குவதும் குனிந்து செய்யும் வேலையும் முகத்தில் அழுத்தம் ஏற்றும். தேயிலைக் கூடை, கேரட் மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் மூன்று வாரம் வேண்டாம். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் மருத்துவச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை. தலையணையை இரண்டாக வைத்து, தலை உயர்த்தித் தூங்குங்கள்.

மூக்கில் ஓரிரு நாள் லேசாக ரத்தம் வருவது இயல்பு. கண்ணுக்குக் கீழே நீலம் பூப்பதும் இயல்பு. இவை வந்தால் காத்திருக்காதீர்கள்: மூன்றாம் நாளுக்குப்பின் வலி குறையாமல் கூடுவது, மூக்கில் நாற்றத்தோடு சளி, காய்ச்சல், தையல் வழியாகக் குருணை வெளியே வருவது, தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருவது.

சளி, சைனஸ் தொந்தரவு எப்போதும் உண்டு. செய்யலாமா?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஸ்கேனில் சவ்வு 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, வடிகால் அடைத்திருந்தாலோ, அதைச் சரிசெய்தபின்தான் பல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் சளியும் விடாத கூடலூர், பந்தலூர்ப் பகுதியினர் அறுவையை மழை முடிந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. மண் சரிந்து பாதை அடைபட்டால் அவசரத்துக்குப் போக வழியிருக்காது என்பதும் ஒரு காரணம்.

சர்க்கரை இருக்கிறது, வெற்றிலை போடுவேன், எலும்புத் தேய்மான மாத்திரை சாப்பிடுகிறேன்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7-க்குள் இருந்தால் நல்லது; 8-க்கு மேல் என்றால் தள்ளிப்போடுங்கள். பீடி, சிகரெட்டைக் குறைந்தது ஒரு வாரம் முன்பும், செய்தபின் எட்டு வாரமும் முழுக்க நிறுத்தவேண்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை இன்னும் நேரடியான ஆபத்து, ஏனென்றால் அடக்கிக்கொள்ளும் கன்னத்துக்குள் தான் சன்னலின் தையல் இருக்கிறது. பாக்கு அதிகம் போட்டு, வாயில் மூன்று விரல் நுழையாதபடி இறுகிப்போனவர்களுக்குக் கருவியே உள்ளே போகாது. அதற்கு முதலில் வைத்தியம்.

அலெண்ட்ரோனேட் போன்ற வார மாத்திரையானால் ஆபத்து குறைவு, ஆனால் எத்தனை வருடம் சாப்பிட்டீர்கள் என்று சொல்லவேண்டும். புற்றுநோய்க்காக சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஊசி போட்டவர்களுக்கு இந்த அறுவையைத் தவிர்ப்போம். தாடை எலும்பே செத்துப்போகலாம்.

எத்தனை மாதம்? நான்கு மாதத்தில் முடித்துத் தருவதாக இன்னொரு இடத்தில் சொன்னார்கள்.

சொந்த எலும்பு 4 மி.மீ.க்கு மேல் இருந்து, இம்ப்ளாண்ட் அசையாமல் ஏறினால், அன்றைக்கே இம்ப்ளாண்டையும் வைத்து மூடலாம். பல் மாட்ட 6 மாதம். அதற்குக் குறைவென்றால், குருணை மட்டும் வைத்து 6 முதல் 9 மாதம் காத்திருந்து இம்ப்ளாண்ட், பிறகு இன்னும் 3 முதல் 4 மாதம். மொத்தம் ஒரு வருடத்துக்கு ஒட்டி வரும்.

குருணை தானாக எலும்பாக மாறுவதில்லை. சுற்றியுள்ள எலும்புச் சுவரிலிருந்து ரத்தக்குழாயும் எலும்பு செல்லும் ஊர்ந்து வந்து இடைவெளியை நிரப்பவேண்டும். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும், கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் புது எலும்பாக இருக்கும். மீதி குருணையும் மென்திசுவும். அது போதும், ஆனால் அதற்கு முன்னால் அவசரப்பட்டால் இம்ப்ளாண்ட் குருணையில் சுழலும். பல் மாட்டும் நாளில் ஐ.எஸ்.க்யூ. என்ற உறுதி அளவை எடுக்கச் சொல்லுங்கள். 65-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

வைத்த எலும்பு பிறகு கரைந்துவிடாதா?

முதல் வருடத்தில் 1 முதல் 2 மி.மீ. அமிழும், அதைக் கணக்கில் வைத்தே கொஞ்சம் அதிகம் வைப்பார்கள். பல் மாட்டி மெல்ல ஆரம்பித்தபின் பெரும்பாலும் நிலைத்துவிடும். முன்பற்கள் பகுதியில் ஒட்டவைக்கும் எலும்புத் துண்டு வேறு கதை: சைனஸுக்குள் குருணையைச் சுற்றிலும் சுவர் காக்கிறது, வெளியே ஒட்டிய எலும்பை உதடும் நாக்கும் பல் செட்டும் அழுத்துகின்றன. அங்கே ஈறு பிளந்து எலும்பு வெளித்தெரிவதே தோல்வியின் முதல் படி. அந்த இடத்துக்கு மேல் பழைய பல் செட்டை முதல் இரண்டு வாரம் மாட்டவே கூடாது.

எலும்பே வைக்காமல் முடியாதா?

பலருக்கு முடியும், இதை முதலிலேயே கேளுங்கள். 6 மி.மீ. எலும்பு இருந்தால் 6 மி.மீ. குட்டை இம்ப்ளாண்ட் வைக்கலாம். ஐந்து வருட முடிவுகள் எலும்பு வைத்து நீள இம்ப்ளாண்ட் போட்டதற்கு ஈடாக வந்திருக்கின்றன, சிக்கல் குறைவு. மேல் வாய் முழுவதும் பல் இல்லாதவர்களுக்குச் சாய்த்து வைக்கும் இம்ப்ளாண்ட், கன்ன எலும்பு வரை போகும் சைகோமா இம்ப்ளாண்ட் உண்டு. கடைசிப் பல் ஒன்று மட்டும் இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

இப்போதுதான் பல் எடுக்கப்போகிறேன். எலும்பு போகாமல் தடுக்கமுடியுமா?

பல் எடுத்த முதல் 12 மாதத்தில் மேட்டின் அகலம் பாதிவரை குறையலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். எடுத்த குழியில் அன்றைக்கே அரை மி.லி. குருணை வைத்து மூடினால் பெரும்பகுதி தங்கும். பத்து நிமிட வேலை.

எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்?

ஸ்கேன் குறுந்தகடு அல்லது பென்டிரைவ். வைத்த குருணையின் பெயர், எது மூலம், எத்தனை மி.லி. இம்ப்ளாண்ட் பெட்டியில் இருக்கும் ஒட்டுத்தாள்: கம்பெனி, விட்டம், நீளம், தொகுதி எண். சவ்வு கிழிந்ததா இல்லையா என்று ஒரு வரி. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால், அதை இறுக்கும் சாவி எது என்று அந்த ஒட்டுத்தாள்தான் சொல்லும்.